சரீர சௌக்கியமும் சீமைச் சொல்லும்

ஆத்மாவைப் பற்றியும் அண்ட சராசரங்களைப் பற்றியும் ஆராய்ந்து, ஆராய்ந்ததற்கு அடையாளமாகப் பொன்னாடையும் பட்டமும் பெற்றுக்கொண்ட பெரியோர்கள் நம் நாட்டில் ஏராளமாக இருந்தும், வெயிலில் நடந்து வந்த ஒரு மனிதன் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, காலை நீட்டி, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தன் சரீரத்துக்கு அப்போது உண்டான சௌக்கியத்தை எந்தச் சொல்லால் வெளியிடுகிறான், அந்தச் சொல் பெரும்பாலும் ஏன் ஆங்கிலச் சொல்லாக இருக்கிறது என்னும் விஷயத்தை எவரும் முறையாக ஆராயப் புகுந்ததாகக் காணோம். அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். அற்ப விஷயந்தான், ஆயினும் ஐந்தரை அடிச் சரீரத்தை வைத்துக்கொண்டு ஜீவிக்கிறவர்களுக்கு இதைக் காட்டிலும் அடிக்கடி நேர்கிற விஷயம் வேறொன்று இல்லையாகையால், அக்குறையை நம்மால் இயன்றவரை நீக்கத் துணிந்தோம்.

களமாக நாம் தேர்ந்துகொண்டது தேவிபட்டினம். இராமநாதபுரத்துக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், பாக் விரிகுடாவின் ஓரத்தில் உள்ள இந்த ஊரில், சேதுவைக் கட்டப் புறப்பட்ட ஸ்ரீராமன் கடலுக்குள் ஒன்பது கற்களை நட்டு நவக்கிரகங்களைப் பூஜித்தான் என்பதும், பூஜைக்கு இடையூறாக எழுந்த அலைகளைப் பெருமாள் அடக்கிக் கொடுத்தார் என்பதும் ஐதீகம். அதனாலேயே அந்தப் பெருமாளுக்குக் கடலடைத்த பெருமாள் என்று திருநாமம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இங்கே திரளுகிற ஜனங்கள் வருகிற காரணம் முழுவதும் பரலோகத்தைச் சேர்ந்தது: கிரக தோஷம் நீங்கவேண்டும், பிதிர்கள் திருப்தியடையவேண்டும், பாவம் தொலையவேண்டும். வந்தபின் அவர்கள் பேசுகிற பேச்சு முழுவதும் இகலோகத்தைச் சேர்ந்தது: ஈர வேஷ்டி தொடையில் ஒட்டுகிறது, உப்புக் காய்ந்து முதுகு அரிக்கிறது, உள்ளங்கால் சுடுகிறது, வயிறு இரைகிறது. இத்தனை அசௌகரியங்களைச் சரீரத்துக்கு ஒரே முகூர்த்தத்தில் உண்டாக்கி, பின்பு ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி வைக்கிற ஸ்தலம் எதுவோ அதுவே சௌக்கியத்தின் பாஷையைக் கேட்கத் தகுந்த ஸ்தலமுமாகும். அன்றியும், பிடிக்காத உத்தியோகஸ்தர்களை மாற்றுவதற்கென்றே கடவுள் படைத்த 'தண்ணியில்லாக் காடு' என்று இந்த ஜில்லாவுக்கு ஒரு பழம்பெயர் உண்டு. சுகம் சுலபமாகக் கிடைக்காத இடத்தில்தானே சுகத்தைப் பற்றி ஜாக்கிரதையாகப் பேசுவார்கள்?

முதலில் நம்முடைய சொற்களின் நிலைமையைப் பார்த்துவிடவேண்டும். இன்பம் என்ற சொல்லைத் திருவள்ளுவர் அறம், பொருள் இரண்டுக்கும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டபடியால், முதுகு சொறிந்துகொள்ளும்போது அதை எடுத்து வழங்குவதற்கு யாருக்கும் தைரியம் வருவதில்லை. சுகம் என்ற சொல் ஆரோக்கியத்துக்கும் பொதுவாகிவிட்டது. 'எனக்குச் சுகமில்லை' என்றால் கேட்பவர் வைத்தியரைக் கூப்பிடுவாரே தவிர விசிறியைப் போடமாட்டார். காமம் சபையில் சொல்லத்தகாதது. எஞ்சியது போகம். அதையோ குடியானவர்கள் எடுத்துக்கொண்டு விளைச்சலுக்குப் பெயராக்கிவிட்டார்கள்; தஞ்சாவூரில் முப்போகம் என்றும் இருபோகம் என்றும் சொன்னால், வானம் பார்த்த இந்தச் சீமையில் போகம் வருஷத்துக்கு ஒன்று, அதுவும் மழை பெய்தால். இனி, தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடம் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கே என்று வரையறுத்துவிட்டார். புலன் என்பதற்குக் கல்வி, அறிவு என்று உரைகாரர்கள் பொருள் சொல்லுகையில், முதுகு அரிப்பெடுத்தவன் அதைத் தீர்த்துக்கொள்வதால் அடைகிற உவகையை இந்நான்கில் எதில் அடக்குவது என்று தெரியாமல் நாம் நெடுநேரம் திகைத்தோம். விளையாட்டில் அடக்கலாம் என்பது நமது தற்காலிக முடிபு.

ஆக, தமிழன் வாயில் சுகத்துக்குச் சொல் இல்லாமற் போகவில்லை. உள்ள சொற்கள் ஒன்று மிகவும் உயர்ந்துவிட்டன, அல்லது மிகவும் நெருங்கிவிட்டன. அந்த இடைவெளியில்தான், இந்த ஜில்லாவின் தரிசுகளில் சீமைக் கருவேலம் புகுந்ததுபோல, ஆங்கிலச் சொற்கள் புகுந்து காடாய் மண்டின.

மறுபக்கத்தில் வெள்ளைக்காரர்கள் நம்முடைய இன்பத்தை எப்படி அணுகினார்கள் என்பதும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. திருக்குறளை லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இத்தாலியர். அவர் அறத்தையும் பொருளையும் முடித்து இன்பத்தின் வாசற்படியிலேயே நின்றுகொண்டார், துறவியாகையால் அது மன்னிக்கத்தக்கது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, அறத்துப்பாலின் சில அதிகாரங்களைக் கடப்பதற்குள் 1819-ஆம் ஆண்டு, வேறெங்கும் அன்று, நமது ஆராய்ச்சிக் களத்துக்கு அருகே உள்ள இராமநாதபுரத்திலேயே காலமானார். பின்வந்த ட்ரூ பாதிரியார் 63 அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்ள, மிச்சத்தை, அதாவது இன்பத்துப்பாலையும் சேர்த்து, இந்நாட்டுக் கிறிஸ்தவரான ஜான் லாசரஸ் 1885-இல் முடித்து வைத்தார். அடுத்த வருஷமே, 1886-இல், போப் ஐயர் நூல் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டார். ஆங்கில இன்பமும் தமிழ் இன்பமும் சந்திப்பதற்கு இவ்வளவு காலமும், இடையில் ஒரு மரணமும் வேண்டியிருந்தன.

அதே 1886-இல் லண்டனில் வேறொரு புஸ்தகமும் வெளியாயிற்று. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல் என்பவரும் கர்னல் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ இந்திய அகராதியே அது. பர்னல் அது அச்சாவதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துபோனார். (இத்துறையில் உழைத்தவர்களுக்கு ஆயுள் போதாமற் போவதைக் கவனிக்க.) அதைப் புரட்டுகிறவர்களுக்கு ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். குறளின் மூன்றாம் பாலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஜாதியார், தங்கள் சரீரத்துக்கு வேண்டிய சௌக்கியங்களுக்கெல்லாம் நம் நாட்டிலிருந்தே பெயர்களை வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். படுப்பதற்குக் 'காட்' என்றால் அது ஹிந்தியின் 'காட்', காற்றுக்குப் பங்கா, இரவில் உடுக்கப் பைஜாமா, புகைக்க நம் சுருட்டு, தின்ன நம் கறி, குடிக்க நம் மிளகுத்தண்ணீர். உறங்குவதும், உடுப்பதும், உண்பதும், ஊதுவதும் நம் சொல்லால்! அவர்களுக்கும் தங்கள் சொல்லால் சுகத்தைப் பேச வெட்கமாயிருந்திருக்கிறது என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன காரணம் கூறமுடியும்?

இவற்றுள் தலையாயது ஷாம்பு. இந்தச் சொல் ஹிந்தியில் 'அமுக்கு, பிடித்துவிடு' என்று ஏவுகிற 'சாம்போ' என்ற வினையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது; அந்நாளில் ஷாம்பு என்றால் கைகால் பிடித்துவிடுவது, தலைக்கும் நுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்னாவில் பிறந்து கப்பலேறிய சேக் தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டணமாகிய பிரைட்டனில் நீராவிக் குளியலும் கைகால் பிடித்தலுமாக ஒரு சாலையை நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பு வைத்தியர்' என்ற உத்தியோகப் பட்டமே பெற்றார். பிடித்துவிடுதல் என்ற பொருள் காலக்கிரமத்தில் தலைக்கு ஏறி, தலைமயிரில் தேங்கி, நுரையாகி, சீசாவில் அடைபட்டுத் திரும்ப நம் நாட்டுக்கே வந்தது. வந்ததைக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஏழைகளும் வாங்கும்படி சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கத் துணிந்தார். அவருடைய மகன் 1983-இல் அதே வழியில் வேறொரு வியாபாரம் தொடங்கினார். இன்றைக்குத் தேவிபட்டினத்தில் சமுத்திர ஸ்நானம் செய்து கரையேறுகிறவர்கள், தேங்காயும் நவதானியமும் விற்கிற கடையின் முகப்பில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து, பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, உப்புத் தலைக்கு நல்ல தண்ணீரில் நுரை காண்கிறார்கள். பிரைட்டன் கடற்கரையில் ராஜாவின் கால், தேவிபட்டினம் கடற்கரையில் பிரஜையின் தலை, ஒரே சொல்.

இனி நாம் இறக்குமதி செய்த சரக்கைப் பார்ப்போம். அவர்கள் நம்மிடம் எடுத்ததெல்லாம் கட்டில், பங்கா என்று கைக்கு அகப்படுகிற பண்டங்கள். நாம் அவர்களிடம் எடுத்ததோ ரெஸ்ட், ரிலாக்ஸ், ஃப்ரீ, ஃபீல், ஜாலி, என்ஜாய் என்று கைக்கு அகப்படாத நிலைமைகள். இவற்றுள் ஜாலி என்பதன் மூதாதை, வடதேசத்தாருடைய யூல் என்னும் பனிக்காலப் பண்டிகைப் பெயர் என்று ஒரு சாரார் கருதுவர். மேற்சொன்ன அகராதிக் கர்னலின் பெயரும் யூல் என்பதைத் தவிர இதில் நமக்கு உபயோகம் ஒன்றுமில்லை.

இச்சொற்கள் தமிழில் நடமாடும் இலக்கணம் விசித்திரமானது. தமிழில் சுகம் என்பது மனிதன் செய்கிற காரியமன்று, அவனுக்கு நேர்வது. 'எனக்கு இனிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பசி அடங்கிற்று' என்று நான்காம் வேற்றுமையில் கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்க, சுகம் தானே வந்து சேரும். ஆங்கிலச் சொல் வந்தவுடன் 'பண்ணு' என்ற துணைவினையும் கூடவே வந்து, 'என்ஜாய் பண்ணினோம்', 'ரிலாக்ஸ் பண்ணு' என்று சுகத்தை ஒரு வேலையாக்கிவிட்டது. காரிலிருந்து இறங்கிய குடும்பத்தில் தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எல்லாரும் பத்து நிமிஷம் நல்லா என்ஜாய் பண்ணிட்டு வாங்க, அடுத்து திருப்புல்லாணி போகணும்" என்று உத்தரவிட்டதையும், பிள்ளைகள் கண்டிராக்டு வேலைக்கு இறங்கியவர்களைப்போல் அவசரமாகத் தண்ணீரில் இறங்கியதையும் நாம் நேரிற் கண்டோம். ரெஸ்ட்டுக்கு மட்டும் 'எடு' என்பது துணை. ஆபீசர் 'தூங்குகிறார்' என்றால் அது புகாருக்கு இடம். 'ரெஸ்ட் எடுக்கிறார்' என்றால் எங்கிருந்தோ கஷ்டப்பட்டுத் தோண்டி எடுக்கிறார் போலும் என்று கேட்பவர் மரியாதையோடு காத்திருப்பார்.

எல்லாவற்றிலும் வியக்கத்தக்கது ஃபீல். உப்புக்காற்று முகத்தில் மோத, நடைபாதையின் கம்பியில் சாய்ந்துகொண்டு, "மச்சான், செம ஃபீலுடா!" என்று ஒரு வாலிபன் கூவினால் அவனுக்குப் பரமானந்தம் என்று பொருள். அவனே பத்தடி தள்ளிப் போய், "அவன் ரொம்ப ஃபீல் பண்றான்டா, போய்ப் பேசு" என்றால், பேசப்படுகிறவன் சோகத்தில் ஆழ்ந்திருக்கிறான் என்று பொருள். அதாவது ஃபீல் தானாக இருந்தால் சுகம், அதைப் பண்ணினால் துக்கம். எந்த ஆங்கிலேயனும் தன் பாஷையிலிருந்து இவ்வளவு வேதாந்தத்தைப் பிழிந்தெடுத்ததில்லை.

ஃப்ரீ என்ற சொல்லுக்கு வருவோம். இலவசம் என்பது இதன் முதற்பொருள். வேலையின்மை இரண்டாம் பொருள். மூன்றாம் பொருளை அறிய விரும்புகிறவர்கள், விடியற்காலையில் யாத்திரை பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்குப் போய், அறுபது கடந்தவர்களுக்கு அருகே நின்றால் போதும்.

"என்னண்ணே, ஃப்ரீயாப் போச்சா?"

"எங்கப்பா! ராமேஸ்வரத்துல மூணு வேளையும் பொங்கலும் பூரியும். ஊருக்குப் போயித்தான் ஃப்ரீயாகணும்."

இந்தச் சம்பாஷணையில் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் லேசமும் கூச்சம் இல்லை. சுற்றியிருந்த ஸ்திரீகளும் முகத்தைச் சுளிக்கவில்லை. இதையே தமிழில் கேட்டிருந்தால் கேட்டவரை அநாகரிகர் என்பார்கள். இதில் எழுவாயாக வரவேண்டிய 'மோஷன்' என்ற சொல்லையும் நாசூக்காக விழுங்கிவிடுவது அனுபவஸ்தர்களின் மரபு. இதே ஃப்ரீயை அடைவதற்குக் கட்டணக் கழிப்பிடத்தில் காசு கொடுத்து டோக்கன் வாங்கவேண்டியிருப்பதால், முதற்பொருளுக்கும் மூன்றாம் பொருளுக்கும் விரோதம் ஏற்படுகிறதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். விடுதலை எதுவும் விலையின்றிக் கிட்டுவதில்லை என்று பதில் சொல்லி மேலே செல்வோம்.

இதற்கு உடன்பிறந்த சொல் கேஸ். வழக்குக்கு ஆகும் கேஸ் அன்று. வாயுவுக்கு ஆகும் கேஸ். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற ரசாயன சாஸ்திரி, சிருஷ்டிக்கு முன்பிருந்த மகா குழப்பத்தைக் கிரேக்கர்கள் 'கேயாஸ்' என்று அழைத்ததை நினைவிற்கொண்டு இந்தச் சொல்லைப் புனைந்தார். தர்ப்பணம் முடிகிறவரை ஒன்றும் உண்ணாமல் இருந்துவிட்டு, முடிந்ததும் வடையும் சாம்பாரும் அவசரமாக உள்ளே தள்ளிய கிருகஸ்தர் ஒருவர், மார்பைத் தடவிக்கொண்டு, "கேஸ் ஏறிக்கிட்டுது" என்று சொல்லும்போது, அவர் வயிற்றில் சிருஷ்டிக்கு முந்தைய நிலைமைதான் நிலவுகிறது என்று அறிக. அதற்கு ஔஷதம் சோடா. ஹிராம் காட் என்ற இங்கிலீஷ்காரர் 1872-இல் பேடன்ட் வாங்கிய கோலிக்குண்டுப் புட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி, அது 'உஸ்' என்று இறங்க, மனிதர் ஒரே மூச்சில் பாதி குடித்து, ஒரு கணம் அசையாமல் நின்று, கண் இரண்டும் சிறுக்க, கடலைப் பார்த்து ஓர் ஏப்பம் விடுகிறார். குழப்பம் நீங்கிச் சிருஷ்டி ஆரம்பமாகிறது.

நைஸ் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'அறியாதவன்' என்பதிலிருந்து கிளம்பி, மூடன், நுட்பக்காரன் என்றெல்லாம் அலைந்து, ஆங்கிலத்தில் 'இனியது' என்று நிலைத்த இந்தச் சொல், தமிழில் விரல்நுனிக்கு வந்துவிட்டது: சட்டினி நைசாக அரைபடவேண்டும், சேலை நைசாக இருக்கவேண்டும். தொட்டால் வழுக்குகிற எல்லாம் நைஸ். அதனாலேயே, தட்சிணை கேட்கும் சமயத்தில் நழுவிவிட்ட யஜமானரையும் "நைசாப் போயிட்டாரு" என்கிறார்கள்.

இதனினும் ருசிகரமானது முகஸ்துதியின் பாஷை. பிறருடைய சரீரத்துக்குச் சுகம் உண்டாக்கித் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்வதைத் தமிழர்கள் ஐஸ் வைத்தல் என்றும், சோப்புப் போடுதல் என்றும், காக்காய் பிடித்தல் என்றும் மூவகையாக வழங்குகிறார்கள். ஐஸ் என்பது மீன் இறங்குகிற இந்தக் கரையில் பெட்டிபெட்டியாக உடைபடுகிற பண்டம். மீன் கெடாதிருக்க அதன்மேல் வைப்பது, மனிதன் கெடுவதற்கு அவன் தலைமேல் வைப்பது. காக்காய் பிடித்தல் என்பதோ கால் கை பிடித்தலின் மரூஉ என்று சொல்லுவாருண்டு. அங்ஙனமாயின், ஷாம்பு என்ற சொல்லின் ஆதிப்பொருளும் இதுவே. தீன் முகம்மது என்பவர் இரண்டு ராஜாக்களைச் சாஸ்திரோக்தமாகக் காக்காய் பிடித்து உத்தியோகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற முடிபு தவிர்க்கமுடியாததாகிறது. பின்னர் வந்தவர்கள் பலர் சாஸ்திரத்தைக் கற்காமலே பட்டம் பெற்றார்கள்.

சொற்கள் இவ்வாறாக, அவற்றை வழங்கும் காலத்தை நிர்ணயிப்பதற்காக நாம் ஒரு சலூனில் பெஞ்சின் ஓரமாகத் தினசரிப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அமாவாசைக்கு வந்து முடி இறக்கியவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகக் கூட்டம். சவரம் முடிந்த ஒரு பெரியவரை நாற்காலியில் சாய்த்து, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தவாறே தொழிலாளி கேட்டார்:

"அண்ணே, மசாஜ் போட்டுவிடவா?"

"லைட்டாப் போடு தம்பி."

உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, உச்சியில் இரண்டு தட்டுத் தட்டி, பத்து விரலையும் மயிருக்குள் விட்டு, பொட்டுக் குழியில் கட்டைவிரலை வைத்து வட்டமாக அழுத்தத் தொடங்கினார். அதுமுதல் பெரியவர் வாயில் ஆங்கிலம் நின்றுபோயிற்று. "ஸ்ஸ்" என்றார். "ம்ம்" என்றார். விரல் பிடரிக்கு இறங்கியபோது, "அங்கதான், அங்கதான்" என்றார். கடைசியில் தாடையைப் பிடித்து ஒரு பக்கம் சடக்கென்று திருப்ப, எலும்பு 'மளுக்' என்று நெட்டி முறிந்த கணத்தில், கண்ணை மூடியபடியே, "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு துண்டை உதறினார்கள், பெரியவர் எழுந்தார், சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே சொன்னார்: "சூப்பரா இருக்கு தம்பி, நல்ல ரிலாக்ஸு. எவ்வளவு?"

ஆராய்ச்சியின் முடிபு இதில் அடங்கிவிட்டது. ஆங்கிலச் சொல் சுகத்துக்கு முன்னால் பேரம் பேசுவதற்கும், சுகத்துக்குப் பின்னால் கணக்குத் தீர்ப்பதற்கும் ஆகிறது. நடுவில், சுகம் நடந்துகொண்டிருக்கையில், அது வெளியே பெஞ்சில் காத்திருக்கிறது. சோடா குடித்த கிருகஸ்தர் ஏப்பத்துக்குப் பின் சொன்னதும் "அப்பாடா" தான். கடலில் முதல் முழுக்குப் போட்டவர்கள் சொல்வது "அம்மாடி, சில்லுங்குது". 'அப்பாடா' என்பதில் அழைக்கப்படுகிற தகப்பனார் யார், பெற்றவரா, பகவானா, அமாவாசைக்குத் தர்ப்பணம் பெற்றுக்கொண்டவரா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. 'அங்கதான்' என்பதை மட்டும் இடப்பெயர் என்று கருதி இலக்கணிகள் இதுநாள்வரை ஒதுக்கிவைத்திருப்பது பெரும் அநீதி. தமிழில் சரீர சௌக்கியத்தைக் குறிக்கும் சொற்களில் அதற்கே முதலிடம் என்பது நமது துணிபு.

அந்தக் கணத்திலும் 'சூப்பர்' என்று சொல்லுகிறவர்கள் உண்டே என்று மறுப்பாருக்கு நமது விடை: சொல்லுகிறவர்கள் அப்போது கையில் செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு நடப்பது சுகமன்று, ஒளிப்பதிவு.

1924 முதல் 1936 வரை சென்னைச் சர்வகலாசாலையார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு தமிழ் லெக்ஸிகனை வெளியிட்டு, 1939-இல் அநுபந்தமும் சேர்த்தார்கள். அதைப் புதுக்குகிற புலவர் பெருமக்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே: ரெஸ்ட், ரிலாக்ஸ், ஃபீல் முதலியவற்றை அயற்சொல் என்று தள்ளாமல், முன்னும் பின்னும் வருவன என்ற குறிப்போடு சேர்த்துக்கொள்ளவேண்டும், ஃப்ரீ என்பதற்குப் பொருள் எழுதும்போது, கூச்சத்தினால் மூன்றாம் பொருளை விட்டுவிடலாகாது.